உட்பக்கம் போன தார்க்குறி

ஏலப்பாறை
10-1-1973

அன்புள்ள தங்கச்சி கமலாத்தாளுக்கு அண்ணன் கந்தப்பன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் உன் அண்ணி நாச்சம்மாளும் சுகம். பனி கொட்டுகிறது. காலையில் கடைப் பலகையைத் தொட்டால் கை விறைக்கிறது. அங்கே நீ, மாப்பிள்ளை, சின்னத்தாயி, மயிலை, செவலை எல்லோரும் சுகமா? காளைகளையும் ஆட்களோடு சேர்த்து விசாரிக்காவிட்டால் மாப்பிள்ளைக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்.

அறுவடைக்குச் சாக்கு வேண்டும் என்று கேட்டிருந்தாய். பொள்ளாச்சியிலிருந்து சரக்கு கொண்டுவந்த லாரி நாளை காலியாகத் திரும்புகிறது. அதில் ஒரு கட்டு போட்டுவிடுகிறேன். எல்லாம் பருப்பும் கடலையும் வந்த சாக்கு. உள்ளே வெளியே திருப்பி உதறி, சிந்தின பருப்பைக் கோழிக்குப் போட்டு அப்புறம்தான் கட்டுவது நம் கடை வழக்கம். ஏலத்தோட்டத்துக்காரர்களுக்கு வரும் பூச்சி மருந்துச் சாக்கும் இங்கே உண்டு. ஆனால் அதற்கு வந்த அன்றைக்கே தாரில் பெருக்கல் குறி போட்டுத் தனியாக எறிந்துவிடுவோம். ஒன்றோடு ஒன்று கலக்காது. தைரியமாக நெல் கட்டலாம்.

கடையாள் பெரியமுத்து பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டான். கட்டுவது, தூக்குவது, கங்காணிகளோடு வாய் கொடுப்பது எல்லாம் நான் ஒருவன்தான். அதனால் இத்தோடு நிறுத்துகிறேன். பொங்கல் எப்படி நடந்தது என்று எழுது.

உன் அண்ணன்,
கந்தப்பன்


கொழிஞ்சாம்பாறை
24-1-1973

அன்புள்ள அண்ணனுக்குக் கமலாத்தாள் வணக்கம்.

நாங்கள் எல்லோரும் நலம். காளைகளும் நலம். பட்டிப் பொங்கலுக்கு மயிலையின் கொம்புக்கு நீலமும் செவலைக்குச் சிவப்பும் பூசினோம். மயிலை நம் பண்ணையாள் சென்னிமலையைத் தவிர யாரையும் கொம்பைத் தொட விடவில்லை. அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வலி என்று தீபாவளிக் கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். பிடுங்கியாயிற்றா?

சாக்குக் கட்டு வந்து சேர்ந்தது. நல்ல கெட்டிச் சாக்குகள். ஒன்றில் மட்டும் மருந்து மாதிரி ஒரு வாடை வருகிறது. நீங்கள் எழுதின தார்க்குறி அதில் இல்லை, தேடிப் பார்த்தேன். இவர், “குறி இல்லாட்டி அப்புறம் என்னத்துக்குப் பயம்? மலையிலிருந்து வர்ற எதுலயும் ஒரு வாடை இருக்கத்தான் செய்யும்” என்கிறார். நான் அதை உதறி வெயிலில் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன். அது ஆகுமா ஆகாதா என்று எழுதுங்கள். உங்கள் கடிதம் பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.

சின்னத்தாயி முழுப்பரீட்சை லீவுக்கு அங்கே வரவேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். அழைத்துப் போக முடியுமா? தேயிலைத்தூள் தீர்ந்துவிட்டது. போன முறை அனுப்பின தூளை இவர் கசப்பு என்றார். வேறு ரகம் இருக்கிறதா?

உங்கள் தங்கை,
கமலாத்தாள்


ஏலப்பாறை
6-2-1973

அன்புள்ள கமலாத்தாளுக்கு,

அனைவரும் சுகம். உன் கடிதம் வந்து நாளாயிற்று. கடையில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம் பார்த்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாச்சம்மாள் பல்லைப் பிடுங்கியாயிற்று. பிடுங்கினவர் வலியுள்ள பல்லுக்குப் பக்கத்துப் பல்லை முதலில் பிடித்து ஆட்டிவிட்டார். இவள் போட்ட சத்தத்தில்தான் அவருக்குக் கண் தெரிந்தது. செய்கிற வேலையில் கண் இல்லாவிட்டால் என்ன படித்து என்ன பயன், சொல்லு.

சின்னத்தாயியை லீவு விட்டதும் நானே வந்து அழைத்து வருகிறேன். கம்பளிச் சட்டை இங்கேயே வாங்கிக்கொள்ளலாம், நீ வாங்காதே. மாப்பிள்ளைக்கு இந்த முறை நயம் தூள் அனுப்புகிறேன். போன முறை வந்ததும் நல்ல தூள்தான். நீ பால் குறைத்துப் போட்டுவிட்டு என் தூளைக் குறை சொல்ல விட்டிருக்கிறாய்.

நெல் விலை என்ன போகிறது? பச்சை நெல்லை அவசரப்பட்டு விற்கவேண்டாம் என்று மாப்பிள்ளையிடம் சொல். கேட்டதற்கெல்லாம் எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். காளைகளுக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்,
கந்தப்பன்


கொழிஞ்சாம்பாறை
5-3-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் இருக்கிறோம். உங்கள் உடம்பையும் அண்ணி உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயிலை செத்துப்போய்விட்டது. போன வியாழக்கிழமை காலை தொட்டியில் பருத்திக்கொட்டையும் தண்ணீரும் குடித்துவிட்டு நின்றது. செவலையை லாடம் கட்ட ஓட்டிப் போயிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மயிலைக்கு உடம்பு உதறியது. வாயில் நுரை. படுத்துக் காலை அடித்துக்கொண்டது. சித்தூரிலிருந்து மாட்டு டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் வாயை முகர்ந்து பார்த்து, விஷம் உள்ளே போயிருக்கிறது என்றார்.

அதற்கு முந்தின வாரம் சென்னிமலைக்கும் இவருக்கும் பேச்சு வந்தது. உடுமலைப் பக்கம் அவன் மச்சினன் கல்யாணத்துக்குப் போகவேண்டும் என்று கேட்டான். உழவு நேரம், போகக்கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். “லாடம் கட்டற அன்னைக்கு மாட்டுக்குக்கூட லீவு உண்டுங்க, எனக்கு இல்லீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனான். டாக்டர் விஷம் என்றதும் இவருக்கு அந்தப் பேச்சு ஞாபகம் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துக் களத்து ஆட்கள் எல்லாம் நிற்கும்போதே அவன் துண்டைப் பிடித்து இழுத்துக் கேட்டார். அவன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றான். இவர் விடவில்லை. போலீசு என்றதும் அவன் பெண்டாட்டி மருதாத்தாள் பயந்துபோய்விட்டாள். மறுநாள் விடியுமுன் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் குடிசையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பருத்திக்கொட்டையை ஊறப்போட்டது நான். தொட்டித் தண்ணீரும் நான் இறைத்து ஊற்றினதுதான். அதை எழுதவேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன். மேற்கொண்டு எழுத இப்போது முடியவில்லை.

கமலாத்தாள்


ஏலப்பாறை
14-3-1973

அன்புள்ள மாப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அவர்களுக்குக் கந்தப்பன் வணக்கம்.

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. கமலா எழுதினதைப் படித்து நானும் நாச்சம்மாளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மயிலையைக் கன்றாக நீங்கள் ஓட்டி வந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தைரியமாக இருங்கள்.

நான் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிற ஆளில்லை. உங்கள் பேரிலும் ஒரு குறை இருக்கிறது. வாயில்லாத ஜீவனுக்கு எந்தத் தீனி போகிறது, யார் வைக்கிறார்கள், எதில் வைக்கிறார்கள் என்று உடையவன் நின்று பார்க்கவேண்டும். சென்னிமலையை எனக்கும் தெரியும். கோபக்காரன், கொஞ்சம் வாய்த் துடுக்கு. ஆனால் நீங்கள் சொன்னால் காரணம் இருக்கும். நான் தகரப் பெட்டி ஒன்றோடு இந்த மலைக்கு ஏறி வந்தவன். இன்றைக்கு நாலு பேர் மதிக்கிறார்கள் என்றால் என் கடையில் என் கண் படாமல் ஒரு மூட்டை அசையாது என்பதால்தான். ஏமாந்த இடத்தில்தான் நஷ்டம் வந்து உட்காரும்.

பருத்திக்கொட்டை எங்கே வாங்கினது? எதில் வைத்து ஊறப்போட்டது? கமலா அதை எழுதவில்லை. தெரிந்தால் எழுதுங்கள். வாங்கின கடையில் தப்பு இருந்தால் நான் கேட்கிற விதத்தில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கந்தப்பன்


கொழிஞ்சாம்பாறை
2-5-1973

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி வணக்கம்.

நலம். தாங்களும் அக்காவும் நலமாயிருக்க வேண்டுகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதித்ததற்கு மன்னிக்கவும். கண்ணபுரம் தேர்ச் சந்தைக்குப் போய்ச் செவலைக்கு ஜோடி பிடித்து வந்தேன். பழக்கத்துக்கு வரக் கொஞ்ச நாள் ஆகும்.

போலீசு வரைக்கும் போகவில்லை. அவனாகவே குடிசையைக் காலி செய்துவிட்டுப் போனான், அதுவே போதும். நம் காட்டில் குடிசை போட்டிருப்பவனுக்கு அந்த இடத்தைப் பட்டயம் எழுதிக் கொடுக்கச் சர்க்கார் சட்டம் வந்திருப்பது தங்களுக்குத் தெரியும். பஞ்சாயத்தில் குடிகிடப்புக்காரர் பேரெல்லாம் கேட்டு வந்தார்கள். நம் காட்டில் இப்போது யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு விதத்தில் தொல்லை விட்டது.

சின்னத்தாயியை இந்த லீவுக்கு அனுப்ப முடியவில்லை. கமலாத்தாளுக்குக் கை உதவி வேண்டியிருக்கிறது. ஆள் இல்லை அல்லவா.

தங்கள்,
ஈஸ்வரமூர்த்தி


ஏலப்பாறை
22-7-1973

மாப்பிள்ளை அவர்களுக்குக் கந்தப்பன் எழுதுவது.

உடம்பு நலம். மழை விடாமல் அடிக்கிறது. இது பெரிய கடிதம். கமலாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஜூன் மாதம் கடை திறக்கும்போது சென்னிமலை வந்து நின்றான். நனைந்த கோழி மாதிரி இருந்தான். “உங்க தங்கச்சி ஊட்டுல எனக்கு என்ன பேருன்னு தெரியுமுங்களே. அங்க ஒரு காட்டுலயும் சேத்த மாட்டேங்கறாங்க. தண்ணி கேட்டாக்கூடச் செம்பக் கையில குடுக்காம கீழ வெக்கறாங்க. மூட்டை தூக்கறதுக்கு ஆள் வேணுமுங்களா?” என்றான். பெரியமுத்து என்னை உள்ளே கூப்பிட்டு, “மாட்டக் கொன்னவன்னு சொல்லுதாங்களே மொதலாளி, இவன் கையில பருப்பு மூட்டையக் குடுக்கவா?” என்றான். எனக்கு ஆள் தேவை. நம்பி வைத்தேன் என்று சொல்லமாட்டேன். அவன் இரண்டு ஆள் வேலை செய்வான் என்று கண்ணுக்குத் தெரிந்தது, வைத்தேன்.

போன வாரம் மருந்து மூட்டை வந்தது. பிரித்துக் கொட்டிவிட்டுக் காலிச் சாக்குக்குப் பெரியமுத்து தார் பூசிக்கொண்டிருந்தான். சென்னிமலை மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏனுங்க மொதலாளி, இது நம்ம தோட்டத்துத் தொட்டியில அடிச்ச வாடையாட்டவே இருக்குதுங்க” என்றான்.

“எந்தத் தொட்டிடா?”

“மயிலை குடிச்ச தொட்டிதானுங்க. அம்மிணி பருத்திக்கொட்டையப் புதுச் சாக்குல கட்டி ஊறப்போட்டிருந்தாங்க. நீங்க அனுப்புன சாக்குதானுங்க அது.”

“அன்னைக்கே சொல்றதுக்கென்ன?”

“சொல்ல விட்டாங்களாக்கும்? துண்டு அவரு கையிலயல்ல இருந்துச்சு.”

மாப்பிள்ளை, நான் யோசித்துப் பார்த்தேன். அந்தக் கட்டைக் கட்டினது பெரியமுத்து இல்லை. அவன் ஊரில் இருந்தான். நான்தான் கட்டினேன். ஒரு கங்காணியோடு வெல்லத்துக்குப் பேரம் பேசிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருப்பி உதறிப் போட்டேன். மருந்துச் சாக்கு ஒன்று குவியலில் கலந்திருக்கிறது. திருப்பினதில் தார்க்குறி உட்பக்கம் போய்விட்டது. கை வேலை செய்தது, கண் கங்காணி மேல் இருந்தது. என் கண் படாமல் ஒரு மூட்டை அசையாது என்று உங்களுக்கு எழுதினவன் நான்.

ஆகவே மயிலையைக் கொன்றது என் சாக்கு. சென்னிமலை இல்லை. அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னேன். கையில் ஒட்டின தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். “அப்ப நான் ஊருக்குப் போலாமுங்களா?” என்று கேட்டான். அவ்வளவுதான்.

அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் கையில் இருக்கிறது. நாலு பேர் முன்னால் சொன்ன பேச்சை நாலு பேர் முன்னால் திருப்பி எடுக்கவேண்டும். குடிசையையும் பழையபடி கொடுக்கவேண்டும். பழி என் மேல் இருக்கட்டும். அந்தச் சாக்கு இன்னும் இருந்தால் உட்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், குறி தெரியும். வேறு தீனி எதற்கும் அதை எடுக்கவேண்டாம். உடனே எழுதுங்கள்.

கந்தப்பன்


கொழிஞ்சாம்பாறை
10-9-1973

மச்சான் அவர்களுக்கு,

இங்கு நலம். இந்த வருஷம் மழை பரவாயில்லை. கடலை நன்றாகப் பிடித்திருக்கிறது. புதுக் காளை நுகத்துக்குப் பழகிவிட்டது. சின்னத்தாயி வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள். அக்காவின் பல் இப்போது எப்படி இருக்கிறது?

சாக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எது எந்தச் சாக்கு என்று இத்தனை மாதம் கழித்து யாருக்குத் தெரியும்? எலி கடித்தது, கிழிந்தது எல்லாம் எப்போதோ போயாயிற்று. வாடை என்று ஒரு பண்ணையாள் சொன்னதை வைத்துத் தங்கள் கடைக்குத் தாங்களே கெட்ட பேர் தேடிக்கொள்ள வேண்டாம். தங்கள் நல்லதுக்காகத்தான் சொல்கிறேன். மயிலை போனது போனதுதான்.

குடிசை இருந்த இடத்தில் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறேன். சென்னிமலைக்குத் தாங்கள் வேலை கொடுத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். அவன் அங்கேயே இருக்கட்டும்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
14-9-1973

அண்ணா,

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்கவேண்டும். இதைச் சின்னத்தாயி பள்ளிக்கூடம் போகும் வழியில் தபாலில் போடுவாள். இதற்குப் பதில் எழுதவேண்டாம்.

உங்கள் பெரிய கடிதத்தை இவர் எனக்குப் படித்துக் காட்டவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் இருந்தது.

மயிலை செத்த மறுநாள் இவர் தொட்டியைக் கழுவினார். அந்தச் சாக்கை முகர்ந்து பார்த்தார். பிறகு திருப்பினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். தார்க்குறி இருந்தது, நீங்கள் எழுதினபடியே பெருக்கல் குறி. அதற்குள் சென்னிமலை போய்விட்டிருந்தான். “உங்க அண்ணன் பேரு கெட்டுப் போயிரும், வெளிய மூச்சு விடாத” என்று சொல்லி எரித்துவிட்டார். அன்றைக்கு அப்படித்தான் சொன்னார். பஞ்சாயத்து ஆட்கள் வந்து போன பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சென்னிமலைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிடலாம் என்று ஒரு தடவை சொன்னேன். இன்னொரு தடவை சொல்லவில்லை. நான் இந்த வீட்டில் இருக்கவேண்டியவள்.

இன்னொன்று. நீங்கள் கங்காணியோடு பேசிக்கொண்டே கட்டினதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டினதைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை, யாருக்கும் வரும். ஆனால் ஒரு சாக்கில் மருந்து வாடை வருகிறது, ஆகுமா ஆகாதா என்று நான் கேட்டு எழுதியிருந்தேன். உங்கள் கடிதம் வந்தது. பல்லைப் பற்றி எழுதினீர்கள், தூளைப் பற்றி எழுதினீர்கள். சாக்கைப் பற்றி ஒன்றும் இல்லை. தப்பு இருந்தால் அண்ணன் எழுதாமல் இருக்கமாட்டார் என்று நினைத்துத்தான் அதை எடுத்தேன்.

கமலாத்தாள்


கொழிஞ்சாம்பாறை
25-10-1973

மச்சான் அவர்களுக்கு ஈஸ்வரமூர்த்தி எழுதுவது.

தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்த விவரம் தெரியவில்லை. சுகமாகப் போயிருப்பீர்கள்.

தாங்கள் வந்ததில் சந்தோஷம். ஆனால் நேராக வீட்டுக்கு வந்திருக்கலாம். சந்தை நாளன்று, டீக்கடை வாசலில், சென்னிமலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவரை எல்லாம் நிறுத்தித் தாங்கள் பேசினதை நான் பிறர் வாயால் கேட்கவேண்டியிருந்தது. “என்ற சாக்குதான் மயிலையக் கொன்னுச்சு. கட்டுனவன் நான். கண்ணு வேற எங்கயோ இருந்துச்சு. இந்த ஆளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை” என்று தாங்கள் சொன்னது தங்கள் இஷ்டம். அதற்கு மேல், “என்ற மாப்பிள்ளை ஒரு வார்த்தை தப்பாப் பேசுனா அதத் திருப்பி எடுக்காமத் தூங்கமாட்டாரு. விசயம் காதுக்குப் போன அன்னைக்கே குடிசைக்கு ஓலை எறக்கிருவாரு, பாத்துக்கிட்டே இருங்க” என்றும் சொல்லியிருக்கிறீர்கள். நான் களத்திலிருந்து வருவதற்குள் இரண்டு பேர் ஓலை வேண்டுமா என்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப்போல மனசு யாருக்கு வரும் என்கிறார். நான் என்ன சொல்ல முடியும்?

தென்னம்பிள்ளையைப் பிடுங்கி வேறு பக்கம் வைத்தாயிற்று. அவன் துண்டை நான் இழுத்த அதே இடத்தில் நின்று, தெரியாமல் நடந்துவிட்டது என்றும் சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சாக்கைப் பற்றித் தங்களுக்கு இங்கிருந்து வேறு யாராவது எழுதினார்களா? இதற்கு மட்டும் தாங்கள் தவறாமல் பதில் எழுதவேண்டும்.

ஈஸ்வரமூர்த்தி


கொழிஞ்சாம்பாறை
20-11-1973

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் எல்லோரும் சுகம். அங்கே விட்டுவந்த கம்பளியையும் பாத்திரத்தையும் எடுக்கச் சென்னிமலை வருகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

குடிசை பழைய இடத்தில் நிற்கிறது. மருதாத்தாள் வந்த அன்று வாசல் தெளித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. முன்பெல்லாம் கூப்பிடுவாள். சென்னிமலை வேலைக்கு வருகிறான். காளைகளுக்குத் தீனி வைக்கமட்டும் கை வைப்பதில்லை. “அது நீங்களே வெச்சுக்கங்க” என்கிறான். இவர் தினமும் தானே வைக்கிறார்.

பஞ்சாயத்தில் அவன் பேர் எழுதிப் போனார்கள். இவர் தடுக்கவில்லை. உங்கள் கடிதம் வந்ததா என்று மட்டும் தபால்காரரிடம் விசாரிக்கிறார்.

சின்னத்தாயி அடுத்த லீவுக்காவது வரலாமா என்று கேட்கிறாள். அண்ணிக்குக் குளிரில் முட்டி வலி வந்ததா? தேயிலைத்தூள் இருந்தால் கொஞ்சம் கொடுத்தனுப்புங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளவேண்டாம். அன்றைக்கு நான் கேட்டதற்கு ஏன் எழுதவில்லை?

கமலாத்தாள்


ஏலப்பாறை
29-11-1973

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகம். சென்னிமலை வந்தான். அவனே இதைத் திரும்பக் கொண்டு வருகிறான். வேறு கையில் கொடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன் கடிதத்தைக் கல்லாவில் விரித்து வைத்துக்கொண்டு வரிவரியாக எழுதுகிறேன். பெரியமுத்து, “பரீட்சை எழுதுதீகளா மொதலாளி?” என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

சின்னத்தாயியை லீவு விட்டதும் அனுப்பு. நான் வருவதாக இருந்தால் முன்னால் எழுதிவிட்டுத்தான் வருவேன். மாப்பிள்ளைக்கு அதில் வருத்தம் இருக்கிறது. நாச்சம்மாளுக்கு முட்டி வலி வந்தது, தைலம் தேய்க்கிறாள், பரவாயில்லை. தூள் சென்னிமலை பையில் இருக்கிறது. இனி இங்கிருந்து சாக்கு எதுவும் அனுப்பமாட்டேன். மருந்துச் சாக்கை வந்த அன்றைக்கே என் கண் முன்னால் எரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மருதாத்தாள் உள்ளே கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நான் சரிக்கட்ட முடியாது. நீயும் அவசரப்படாதே.

ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறாய். நானும் தேடிப் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் கூட்டம் இல்லை. உடம்பு சரியில்லாமல் இல்லை. யாரோடும் சண்டை இல்லை. உன் கடிதத்தை முழுவதும் படித்தேன், அந்த வரியையும் படித்திருப்பேன். மனதில் ஏறவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். ஒன்றும் இல்லை, கமலா.

மாப்பிள்ளையும் ஒன்று கேட்டு எழுதியிருக்கிறார். அவருக்கு நேற்றுத்தான் பதில் போட்டேன். கடலை விலை எழுதினேன், புதுக் காளையின் பல்லை எப்படிப் பார்ப்பது என்று எழுதினேன், சின்னத்தாயியின் மார்க்கைப் பற்றியும் எழுதினேன். சாக்கைப் பற்றி எனக்கு யார் எழுதினது என்று அவர் கேட்ட அந்த ஒன்றுக்கு மட்டும் எழுதவில்லை. இனி எத்தனை தடவை கேட்டாலும் எழுதமாட்டேன். இந்த ஆளுக்கு எழுதினதில் பாதி மனதில் ஏறாது என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும். அப்படி நினைக்க அவருக்குக் காரணம் இருக்கிறது.

காளைகளுக்கு என் விசாரிப்பு.

உன் அண்ணன்,
கந்தப்பன்